சாரதியைச் சந்தேகிக்கும் முன் கருவியைச் சோதியுங்கள்



நமது வியாபாரிகளில் பலர் இப்போது தமது லொறிகளுக்கும் விநியோக வேன்களுக்கும் ஜீ.பி.எஸ். ட்ரெக்கர் பூட்டியிருக்கிறார்கள். ட்ரெக்கர் இல்லாதவர்கள்கூட புதிய ஊரொன்றுக்குப் பொருள் கொண்டு போகும்போது கையடக்கத் தொலைபேசியின் வரைபடத்தைப் பார்த்தே வழி கண்டுபிடிக்கிறார்கள். திரையில் தெரியும் புள்ளியை நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். அந்தப் புள்ளி எப்போது பிழைக்கும், வாகனத்துக்குள் அதனைச் சரியாக வேலை செய்ய வைப்பது எப்படி என்பதைத்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நல்ல மனிதருக்கு அநியாயம் செய்யப் போன பின்னர்தான் என்பதால் அந்தச் சம்பவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொரு லீற்றர் டீசலையும் எண்ணி எண்ணிச் செலவு செய்த நாட்கள் அவை. எங்களது லொறி புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான்கள் ஏற்றிக்கொண்டு கண்டி, மஹியங்கனை வழியாகக் கல்முனைப் பக்கம் போய்வரும். ஒருநாள் இரவு கணினியில் ட்ரெக்கர் அறிக்கையைப் பார்த்தபோது, ஹுன்னஸ்கிரியவைத் தாண்டிய பின்னர் லொறி பிரதான பாதையை விட்டுப் பல கிலோமீற்றர் தள்ளி ஓரிடத்தில் 40 நிமிடங்கள் நின்றதாகக் காட்டியது. முழு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். வழமையான ஓட்டத்தை விட 190 கிலோமீற்றர் கூடுதலாக இருந்தது. எனது மனம் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டீசல் விற்கப்படுகிறது அல்லது களவாக வேறு ஹயர் ஓடுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்தச் சாரதி வாப்பா காலத்திலிருந்து எங்களிடம் இருப்பவர். நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். கடையில் மற்றவர்கள் பார்த்திருக்க அறிக்கையை அவர் முன்னால் போட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, பதினெட்டு வளைவால எறங்கி ஹஸலக்கைல தேத்தண்ணி குடிக்க மட்டும்தான் நிப்பாட்டின. வேற எங்கயும் போகல்ல. லொறிட மீட்டரப் பாருங்க" என்றார்.

மீட்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அவர் கொப்பியில் எழுதி வைத்திருந்த இலக்கங்களோடு அது சரியாகப் பொருந்தியது. வழமையான ஓட்டத்தோடும் பொருந்தியது. பொருந்தாமல் இருந்தது ட்ரெக்கர் மட்டும்தான். வயரிங் வேலை செய்யும் தம்பியொருவரைக் கூப்பிட்டு டெஷ்போட்டைக் கழற்றச் சொன்னேன். ட்ரெக்கர் ரேடியோவுக்குப் பின்னால், ஓர் இரும்புத் தகட்டுக்கு அடியில், மேற்பக்கம் கீழே பார்க்கத்தக்கதாகக் கட்டப்பட்டிருந்தது. வானத்தைப் பார்க்க வேண்டிய கருவி எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தது!

வானத்திலிருந்து வருவது எவ்வளவு மெல்லிய சத்தம்?

செய்மதி வழிகாட்டல் என்றால் கருவி ஏதோ மேலே தகவல் அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது கேட்க மட்டுமே செய்கிறது. ஜீ.பி.எஸ். செய்மதிகள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தனது நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும். அந்த அறிவிப்பு நம்மை வந்தடையச் சுமார் 0.07 செக்கன் எடுக்கும். எந்தச் செய்மதியின் அறிவிப்பு எவ்வளவு தாமதித்து வந்தது என்று கணக்குப் பார்த்தே கருவி தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இதற்குக் குறைந்தது 4 செய்மதிகள் தெளிவாகக் கேட்க வேண்டும். நேரக் கணக்கில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே இடம் 300 மீற்றர் பிழைத்துவிடும்.

அவ்வளவு தூரத்திலிருந்து வரும் சமிக்ஞை நமது வாகனத்தை அடையும்போது ஒரு வொற்றின் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருக்கும். சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் காதுக்குள் பேசுவதைக் கேட்பது போன்றது இது. காதைப் பொத்தினாலும் கேட்காது, பக்கத்தில் எவராவது சத்தம் போட்டாலும் கேட்காது. வாகனத்துக்குள் நடக்கும் கோளாறுகளில் அநேகமானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். காதைப் பொத்துவது உலோகம். சத்தம் போடுவது மலிவான மின்சாதனங்கள்.

இரும்புக்குள் வைக்காதீர்கள்

கண்ணாடி, பிளாஸ்டிக், துணி என்பன இச்சமிக்ஞையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. லொறியின் மேல் போடும் படங்கும் தடுக்காது. ஆனால் உலோகத் தகடு முற்றாகத் தடுத்துவிடும். எனவே தொலைபேசியைக் கியருக்குப் பக்கத்திலோ, சீற்றின் மேலோ, சட்டைப் பையிலோ வைக்காமல், முகப்புக் கண்ணாடிக்குக் கீழே வானம் தெரியத்தக்க இடத்தில் பிடிமானம் ஒன்றில் வைக்க வேண்டும். சாரதியின் பார்வையை அது மறைக்கவும் கூடாது. லொறியின் உடல் கெபினுக்கு மேலால் முன்னோக்கி நீண்டிருந்தால், கண்ணாடியின் அடிப்பகுதியோடு ஒட்டி வைப்பது நல்லது. அங்கிருந்துதான் வானம் கூடுதலாகத் தெரியும்.

சில கார்களின் முகப்புக் கண்ணாடியில் வெயிலின் சூட்டைத் தடுப்பதற்காகக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். பின்னால் ஒட்டும் சில கறுப்பு ஸ்ரிக்கர்களிலும் உலோகம் கலந்திருக்கும். இவை சமிக்ஞையை வெகுவாகக் குறைத்துவிடும். பூச்சுள்ள கண்ணாடிகளில் உள்பக்கப் பார்வைக் கண்ணாடிக்கு அருகே சிறிய பகுதியைப் பூச்சில்லாமல் விடுவது வழக்கம். கருவியை அந்த இடத்துக்கு மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் உடனே விளங்கும். தொலைபேசியின் பின்னால் இரும்புத் தகடு அல்லது உலோக உறை போட்டிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். காந்தப் பிடிமானம் செய்மதியைத் தடுக்காவிட்டாலும் தொலைபேசியின் திசைகாட்டியைக் குழப்பும். நின்ற இடத்தில் அம்புக்குறி தலைகீழாகக் காட்டுவதற்கு இது ஒரு காரணமாகும். பிடிமானத்திலிருந்து எடுத்து, தொலைபேசியைக் காற்றில் எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் சில தடவை அசைத்தால் திசைகாட்டி சரிவரும்.

சூட்டையும் மறக்க வேண்டாம். நண்பகல் வெயிலில் டெஷ்போட்டின் மேல் கிடக்கும் தொலைபேசி சூடேறித் தானாகவே அணைந்துவிடும். வாகனம் நிற்கும்போது அதை எடுத்துவிடுங்கள்.

சார்ஜரும் டெஷ் கெமராவும்

"இவ்வளவு நாளும் நன்றாக வேலை செய்தது, இப்போதுதான் தடுமாறுகிறது" என்று யாராவது சொன்னால், புதிதாக வாகனத்தில் என்ன பூட்டினீர்கள் என்றுதான் நான் கேட்பேன். மலிவான யூ.எஸ்.பி. சார்ஜர்கள், தரம் குறைந்த டெஷ் கெமராக்கள், சில எல்.ஈ.டி. விளக்குகள் என்பன மின்சாரத்தை மாற்றும்போது வானொலி இரைச்சலை வெளியிடுகின்றன. மெல்லிய செய்மதிச் சமிக்ஞை அதில் அமிழ்ந்துவிடும்.

இதைச் சோதிக்கக் காசு தேவையில்லை. செய்மதிகளின் பலத்தைக் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. ஒன்றைத் தொலைபேசியில் போட்டு, வெளியான இடத்தில் வாகனத்தை நிறுத்தி, திரையைப் பாருங்கள். ஒவ்வொரு செய்மதிக்கும் ஓர் இலக்கம் காட்டும். பல செய்மதிகள் 30க்கு மேல் இருந்தால் நல்ல நிலை. அநேகமானவை 20க்குக் கீழே கிடந்தால் ஏதோ தடை இருக்கிறது. இப்போது சார்ஜரைக் கழற்றுங்கள், பின்பு கெமராவை அணையுங்கள். எதைக் கழற்றியபோது இலக்கங்கள் ஏறுகின்றனவோ அதுவே குற்றவாளி. கெமராவையும் அதன் வயரையும் கருவியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வைத்தாலே பல வேளைகளில் தீர்வு கிடைத்துவிடும். அப்படியும் சரிவராவிட்டால் தரமான சார்ஜர் ஒன்றை வாங்குவதே இலாபம்.

புறப்படும் முன் இரண்டு நிமிடம்

ஒவ்வொரு ஜீ.பி.எஸ். செய்மதியும் தனது இருப்பிடக் கணக்கை 30 செக்கனுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பச் சொல்கிறது. நடுவில் ஒரு கட்டடமோ மரமோ மறைத்தால் விடுபட்ட பகுதிக்காகக் கருவி அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டே தொடங்கும்போது இந்த மறைப்பு அடிக்கடி நடப்பதால் இடம் பிடிபட நேரம் எடுக்கிறது. எனவே களஞ்சியத்தின் தகரக் கூரைக்கு வெளியே வந்து, ஓரிரு நிமிடம் நின்று, இடம் சரியாகப் பிடிபட்ட பின்னர் புறப்படுவது நல்ல பழக்கம். பல மாதங்கள் பாவிக்காத பழைய கருவியாயின் எல்லாச் செய்மதிகளின் பொதுக் கணக்கையும் எடுக்க 12 நிமிடத்துக்கு மேல் ஆகலாம். கருவி பழுதென்று அதை எறிந்துவிடாதீர்கள்.

தொலைபேசியில் டேட்டா இருந்தால் இந்தக் கணக்கு இணையத்தின் வழியே உடனே வந்துவிடும். அதனால்தான் தொலைபேசி சீக்கிரம் இடத்தைப் பிடிக்கிறது. ஆனால் டேட்டா இல்லாத இடத்தில் ஜீ.பி.எஸ். வேலை செய்யாது என்பது தவறான எண்ணம். வேலை செய்யாமல் போவது வரைபடம்தான். போக வேண்டிய மாவட்டங்களின் வரைபடத்தை வீட்டிலிருக்கும்போதே தொலைபேசியில் இறக்கி வைத்தால் கவரேஜ் இல்லாத காட்டுப் பாதையிலும் வழி தெரியும். பெற்றரியைச் சேமிக்கும் வசதி, திரை அணைந்ததும் இடம் பார்ப்பதை நிறுத்திவிடக்கூடும் என்பதால் பயணத்தின்போது அதனை அணைத்துவிடுங்கள்.

மலை, நகரம், மழை, இரவு

மலைச்சரிவு வானத்தில் ஒரு பாதியை மறைக்கிறது. மீதிப் பாதியில் போதிய செய்மதிகள் இருந்தால்தான் இடம் சரியாக வரும். முன்பு அமெரிக்காவின் ஜீ.பி.எஸ். மட்டுமே நம் கருவிகளுக்குத் தெரிந்திருந்தது. இப்போது ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவையும் உண்டு. நான்கையும் சேர்த்தால் செய்மதிகள் நூறுக்கும் மேல். எனவே புதிதாகக் கருவி வாங்குவோர் நான்கையும் கேட்கிறதா என்று விசாரித்து வாங்க வேண்டும். மலைநாட்டுக்கு ஓடும் வாகனங்களுக்கு இதனால் கிடைக்கும் பயன் பெரிது. இறம்பொடைச் சுரங்கத்துக்குள் மட்டும் எந்தச் செய்மதியும் கேட்காது. வெளியே வந்ததும் சில விநாடிகளில் சரிவந்துவிடும்.

புறக்கோட்டையில் பிரச்சினை வேறு. கெய்சர் வீதி, பிரதான வீதி போன்ற ஒடுங்கிய வீதிகளில் சமிக்ஞை கட்டடங்களில் பட்டுத் தெறித்து, சுற்றி வந்து சேர்கிறது. சுற்றி வந்ததால் தாமதம் கூடுகிறது. தூரம் கூடியதாகக் கருவி எண்ணி அடுத்த வீதியில் நிற்பதாகக் காட்டுகிறது. எல் 5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் கேட்கும் தொலைபேசிகள் 2018ஆம் ஆண்டிலிருந்து வருகின்றன. இவை தெறித்து வரும் சமிக்ஞையை ஓரளவு பிரித்தறியக் கூடியவை. ஆனால் 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் பக்கம் போல, பாதைக்கு மேல் பாதை போகும் இடங்களில் நீங்கள் மேலேயா கீழேயா என்று கருவியால் அநேகமாகச் சொல்ல முடியாது. அங்கே பெயர்ப்பலகையைப் பார்ப்பதே சரி.

மழையைப் பலர் குற்றம் சொல்கிறார்கள். மழை இந்த அலைவரிசையைப் பாதிப்பது மிகவும் குறைவு. மழையில் நனைந்த அடர்ந்த மரக்கிளைகள்தான் ஓரளவு தடுக்கும். அதைவிட நமது நாட்டுக்குரிய வேறொரு காரணம் உண்டு. பூமியின் காந்த மத்திய கோட்டுக்கு அருகில் நாம் இருப்பதால், சூரியன் மறைந்த பின் சில மணி நேரம் மேல் வளிமண்டலத்தில் ஏற்படும் குழப்பம் செய்மதிச் சமிக்ஞையை நடுங்கச் செய்கிறது. மார்ச், ஏப்ரல், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலும், சூரியனின் செயற்பாடு அதிகரித்த ஆண்டுகளிலும் இது கூடும். மஃரிபுக்குப் பின் புள்ளி சற்றுத் தடுமாறினால் பதற வேண்டியதில்லை.

ட்ரெக்கர் பூட்டியிருப்போர் கவனிக்க

இனி எனது லொறியின் கதைக்கு வருகிறேன். ட்ரெக்கருக்குச் செய்மதி கேட்காதபோது, பல கருவிகள் பக்கத்திலுள்ள தொலைபேசிக் கோபுரத்தை வைத்து இடத்தை உத்தேசமாக அனுப்பிவிடும். மலைப்பகுதியில் ஒரு கோபுரம் பல கிலோமீற்றர் தூரத்துக்கு வேலை செய்யும். ஆகவே "லொறி நின்ற இடம்" என்று நான் பார்த்தது உண்மையில் கோபுரத்தின் பக்கம். நானா ஹஸலக்கையில் தேத்தண்ணி குடித்த நேரம்தான் அந்த 40 நிமிடம். அறிக்கையில் அது செய்மதிப் புள்ளியா கோபுரப் புள்ளியா என்று பிரித்துக் காட்ட வசதி இருந்தது. அதைப் பற்றி எவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த 190 கிலோமீற்றர்? இரவில் லொறி நின்றது தகரக் கூரைக்குக் கீழே. சமிக்ஞை பலவீனமானதால் புள்ளி ஒரே இடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் 30, 50 மீற்றர் என்று பாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாய்ச்சலையும் ட்ரெக்கர் ஓட்டமாகக் கூட்டிக்கொண்டது. நித்திரை கொண்ட லொறிக்கு நான் டீசல் கணக்குப் பார்த்திருக்கிறேன்!

இதைத் திருத்துவது சுலபமாக இருந்தது. கருவியை டெஷ்போட்டின் பிளாஸ்டிக் மேற்பகுதிக்கு அடியில், மேற்பக்கம் வானத்தைப் பார்க்கத்தக்கதாக, ரேடியோவிலிருந்து தள்ளிக் கட்டினோம். சாவி போட்டால் மட்டும் மின் வரும் வயரோடு இணைத்து, எஞ்சின் நிற்கும்போது ஓட்டம் கணக்கிடாதபடி அமைத்தோம். வெளி அன்டனா பூட்டும் வசதியுள்ள கருவியாயின் காந்தம் வைத்த சிறிய அன்டனாவைக் கெபின் கூரையின் மேல் தட்டையாக வைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. அந்த அன்டனாவுக்குக் கீழே இருக்கும் இரும்பு நல்லது, மேலே இருப்பதுதான் கெட்டது. வயரைக் கதவு நசுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசிகளில் இத்தகைய அன்டனாவைச் செருக இடமில்லை. அவசியமானால் புளூடூத் மூலம் இணையும் தனி ஜீ.பி.எஸ். கருவி வாங்கலாம்.

பழைய ட்ரெக்கரோ நெவிகேட்டரோ வாங்குவோர் முதலில் அது காட்டும் திகதியைப் பாருங்கள். ஜீ.பி.எஸ். வாரக் கணக்கு 1024 வாரங்களுக்கு ஒரு தடவை பூச்சியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் மாதம் அப்படித் திரும்பியபோது பல பழைய கருவிகள் சுமார் 20 ஆண்டு பின்னால் போய்விட்டன. மென்பொருள் புதுப்பிக்க முடியாவிட்டால் அதனை வாங்க வேண்டாம்.

காசை வீணாக்காதீர்கள், சட்டத்தையும் மீறாதீர்கள்

தொலைபேசியின் பின்னால் ஒட்டினால் சமிக்ஞை கூடும் என்று விற்கப்படும் ஸ்ரிக்கர்களால் எந்தப் பயனும் இல்லை. இதைவிட ஆபத்தானது ஜாமர். சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகினால் ட்ரெக்கரைக் குருடாக்கிவிடும் சாதனம் இது. அனுமதிப்பத்திரமின்றி வானொலி அலை பரப்பும் கருவிகளைப் பாவிப்பது நமது நாட்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றமாகும். அமெரிக்காவின் நியூஆர்க் விமான நிலையத்தில் 2012ஆம் ஆண்டு விமானங்களுக்கு உதவும் செய்மதி முறைமை தடுமாறியது. தேடிப் பார்த்தபோது, முதலாளி தன்னைப் பார்க்கக் கூடாதென்று சாரதியொருவர் கம்பனி வாகனத்தில் ஜாமர் வைத்திருந்தது தெரியவந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு 31,875 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. சாரதிகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

எனது யோசனை இதுதான். ட்ரெக்கர் பூட்டியவுடன் நீங்களே ஒரு தடவை தெரிந்த பாதையில் வாகனத்தோடு போய், மீட்டரையும் அறிக்கையையும் ஒப்பிடுங்கள். ஓர் இரவு நிறுத்தி வைத்து, காலையில் ஓட்டம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கோபுரப் புள்ளிகளைப் பிரித்துக் காட்டுமாறு விற்றவரிடம் கேளுங்கள். மாதம் ஒரு தடவை மீட்டர் கொப்பியோடு சரிபாருங்கள். இவையெல்லாம் செய்த பின்னரும் கணக்கு இடித்தால் அப்போது சாரதியிடம் கேளுங்கள். அதையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஆதாரமில்லாமல் ஒருவரைச் சந்தேகிப்பதை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது. திரையில் வரும் ஒரு புள்ளியை நான் ஆதாரமென்று எடுத்துக்கொண்டது எனது பிழை. நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பலர் முன்னால் குற்றம் சொன்னதால் பலர் முன்னால்தான் கேட்டேன். "கருவிதானே தம்பி பொய் சொன்ன, நீங்க இல்லையே" என்று சொல்லிவிட்டு லொறிச் சாவியை எடுத்துக்கொண்டார். அவரது மீட்டர் கொப்பி மட்டும் அன்றிலிருந்து எனது மேசையில்தான் இருக்கிறது. அறிக்கையைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்க்கிறேன்.